வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய லென்ஸ்

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அம்மா எனக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்: "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா வச்சித் தைங்க." ஜூன் மாதம் முழுக்கத் தோள் இரண்டு பக்கமும் தொங்கும். உடம்புக்குச் சரியாக வருகிற நேரத்தில் காலர் நைந்திருக்கும். ஏழாம் வகுப்பில் நான் ஒருவழியாகச் சட்டைக்குள் நிறைந்தேன். அந்த வருடம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் நிறத்தையே மாற்றிவிட்டார்கள்.

2018ல், தலை நரைக்க ஆரம்பித்த வயதில், அதே கணக்கைப் போட்டு ஒரு கேமரா லென்ஸ் வாங்கினேன்.

என்னிடம் இருந்தது கேனன் 1300டி கேமரா. அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். இந்த எண்தான் குவியத் தூரம், எண் சின்னதானால் பார்வை அகலமாகும். பாளையங்கோட்டையில் வீடு, அலுவலகத்தில் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கோயிலாகச் சுற்றித் தூண் சிற்பங்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. எனக்கு இரண்டு குறை இருந்தது. சாயங்காலம் ட்யூப் லைட் வெளிச்சத்தில் மகளை எடுத்தால் பத்துக்கு எட்டு படம் கலங்கிப்போகும். கோயில் மண்டபத்தில் எவ்வளவு பின்னால் போனாலும் முழு மண்டபமும் படத்துக்குள் வராது. இந்த இரண்டையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் தீர்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

பத்தாயிரம் எப்படி இருபத்தேழாயிரம் ஆனது என்பதுதான் கதை.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர், ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் யோசனை கேட்கப் போனேன். "பாடி வரும், போகும் தம்பி. கண்ணாடிதான் நிக்கும்" என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருமே சொல்கிற வாக்கியம் இது, அவர்களைப் பொறுத்தவரை பொய்யும் இல்லை. "நீங்க இன்னிக்கு கிராப் பாடி வச்சிருக்கீங்க. நாளப்பின்ன ஃபுல் ஃப்ரேம் போவீங்கள்லா? அப்ப இஎஃப்-எஸ் லென்ஸ் ஒண்ணும் ஏறாது. வாங்குறத ஒரே தடவையா வாங்கிருங்க." பாடி என்றால் லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, கண்ணாடி என்றால் லென்ஸ். படம் பதிகிற சென்சார் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம், சிறிதாக இருந்தால் கிராப். இஎஃப்-எஸ் என்பது கிராப்புக்கு மட்டும் செய்த லென்ஸ், இஎஃப் இரண்டுக்குமானது. அவருக்குத் தெரிந்த ஒருவர் 17-40 எஃப்/4 எல் லென்ஸை விற்பதாகச் சொன்னார். எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதன் அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும். முன்னால் சிவப்பு வளையம் போட்டிருக்கும் எல் வரிசை. புதிதாக வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த மாதம் அலுவலகச் சீட்டுப் பணம் வேறு கையில் விழுந்திருந்தது.

அவர் சொன்ன தொழில்நுட்பம் முழுக்கச் சரி. கேனன் கிராப் பாடியில் லென்ஸ் மாட்டுகிற வாயை, அதாவது மவுண்டைப் பார்த்தால் ஒரு வெள்ளைச் சதுரமும் ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்கும். வெள்ளைச் சதுரம் இஎஃப்-எஸ் லென்ஸ் பொருந்துவதற்கு, சிவப்புப் புள்ளி இஎஃப் லென்ஸ் பொருந்துவதற்கு. கிராப் பாடியில் இரண்டும் ஏறும். ஃபுல் ஃப்ரேம் எஸ்எல்ஆரில் சிவப்புப் புள்ளி மட்டும்தான். என் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், ஃபுல் ஃப்ரேம் 36 மி.மீ. அதனால் எந்த லென்ஸைப் போட்டாலும் அதன் எண்ணை 1.6ஆல் பெருக்கித்தான் பார்வையைக் கணக்கிட வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் பெருக்கிப் பார்க்காமல் வாங்கினேன். 17ஐ 1.6ஆல் பெருக்கினால் 27. என்னிடம் ஏற்கெனவே இருந்த கிட் லென்ஸின் 18ஐப் பெருக்கினால் 29. இருபத்தேழாயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் வாங்கியிருக்கிறேன்.

அது புரிந்தது கிருஷ்ணாபுரத்தில். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் இருக்கும் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், ஒரே கல்லில் தூணோடு தூணாகச் செதுக்கியவை. நரம்பு, நகம், நகைகளின் முடிச்சு வரைக்கும் தெரியும். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே கண் கூசுகிற வெயில், மண்டபத்துக்குள் போனால் இருட்டு. முக்காலி கொண்டுபோகவில்லை. புது லென்ஸை மாட்டினேன். என் பாடியும் இந்த லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே எடை, ஆளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாட்டியதும் கேமரா மூக்கைத் தொங்கப் போட்டது.

ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, எஃப்/4, ஷட்டர் வேகம் எட்டில் ஒரு பங்கு நொடி. ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் குறத்தி சிலையின் கழுத்து மணிகள் ஒன்றோடொன்று இழுபட்டிருந்தன. ஐந்தாறு தடவை எடுத்தும் அதே கதைதான். வெறுத்துப்போய்ப் பையிலிருந்து பழைய கிட் லென்ஸை எடுத்து மாட்டினேன். அது 18ல் எஃப்/3.5 வரை திறக்கும், அதாவது 17-40ஐவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். அதைவிட முக்கியம், அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஐஎஸ் உண்டு. 17-40ல் ஐஎஸ் கிடையாது. ஷட்டர் பத்தில் ஒரு பங்கு நொடி. முதல் படமே மணி மணியாக வந்தது.

இலவச இணைப்பு மாதிரி வந்த பிளாஸ்டிக் லென்ஸ், சீட்டுப் பணத்தில் வாங்கிய எல் லென்ஸை அந்த இடத்தில் ஜெயித்துவிட்டது. 17-40 மோசமான லென்ஸ் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஃபோகஸ் சத்தமில்லாமல் ஓடும், நிறம் நன்றாக இருக்கும், கையில் பிடித்தாலே ஒரு திடம் தெரியும். ஃபுல் ஃப்ரேமில் போட்டால் அது பரந்த பார்வைக்கான லென்ஸ். என் பாடியில் அது 27லிருந்து 64 வரை பார்க்கிற ஒரு சாதாரண ஜூம். நான் அதன் பாதியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன், காசு மட்டும் முழுசாகக் கொடுத்திருந்தேன். வீட்டுப் பிரச்சினைக்கும் அது உதவவில்லை. எஃப்/4ல் ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது. கிட் லென்ஸின் ஐஎஸ்ஸும் அதற்கு உதவாது. அது என் கையை நிறுத்தும், பிள்ளையை நிறுத்தாது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து, விவரப் பட்டியலில் குவியத் தூரத்துக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, அதை வைத்து வரிசைப்படுத்தினால் எந்தப் படத்தை எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தோம் என்று தெரிந்துவிடும். ஒன்றரை வருடப் படங்கள், நாலாயிரத்துச் சொச்சம். பாதிக்கு மேல் இரண்டே எண்ணில் குவிந்திருந்தன. 18ல் கோயில்கள். 55ல் மகளும் அம்மாவும். நடுவில் இருந்த எண்களில் கொஞ்சம்தான். லென்ஸின் இரண்டு நுனியிலும் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளியே யாரிடமும் யோசனை கேட்கத் தேவையே இருந்திருக்காது, என் படங்களே சொல்லியிருக்கும். கோயிலுக்கு 18ஐவிட நன்றாக அகலமான ஒன்று. வீட்டுக்கு 50ஐ ஒட்டி, நிறைய வெளிச்சம் வாங்குகிற ஒன்று. இரண்டும் இரண்டு லென்ஸ், ஒன்றால் ஆகாது.

இதோடு சேர்த்துச் செய்கிற இன்னொரு சின்ன வேலை உண்டு. ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ் வாங்க நினைப்பவர்கள், கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை அந்த எண்ணில் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே எடுத்துப் பார்க்கலாம். 24ல் ஒருநாள், 55ல் ஒருநாள். செலவு ஐந்து ரூபாய் டேப். எது மூச்சுமுட்டுகிறது, எது இயல்பாக இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

2019 தொடக்கத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) வாங்கினேன். எட்டாயிரத்துச் சொச்சம், புதிது. கேனனின் மலிவான லென்ஸ்களில் ஒன்று, 160 கிராம். 1990ல் வந்த இதன் முந்தைய மாடலில் மவுண்டே பிளாஸ்டிக். 2015ல் வந்த எஸ்டிஎம் மாடலில் அதை உலோகமாக்கினார்கள். செகண்ட் ஹேண்டில் பழையதும் புதியதும் கலந்து வரும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அது வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலத்தை மறக்க மாட்டேன். அதே ஹால், அதே ட்யூப் லைட். கிட் லென்ஸில் 55க்குப் போனால் எஃப்/5.6தான் கிடைக்கும், ஷட்டர் இருபதில் ஒரு பங்கு நொடிக்கு இறங்கிவிடும். இதில் எஃப்/2 வைத்தேன். எட்டு மடங்கு வெளிச்சம். ஷட்டர் நூற்று அறுபதில் ஒரு பங்கு நொடி. மகள் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாள், பாவாடை விரிந்தபடி அப்படியே நின்றது படத்தில்.

எஃப்/1.8 என்று போட்டிருப்பதால் எப்போதும் 1.8லேயே எடுக்க வேண்டியதில்லை என்பதையும் அந்த வாரமே கற்றுக்கொண்டேன். ஐந்தடி தூரத்தில் ஒரு முகத்தை 1.8ல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் இரண்டரை அங்குலம்தான். மூக்கு தெளிவு, காது மங்கல். ஆள் லேசாகச் சாய்ந்தால் கண்ணும் போய்விடும். 2.2, 2.8 என்று வைத்தால் நிம்மதி.

சிரமம் இடம்தான். 50ஐ என் பாடியில் போட்டால் 80 மாதிரி பார்க்கும். நிற்கிற ஆளைத் தலையிலிருந்து கால்வரை எடுக்க ஏறக்குறைய பதினைந்தடி பின்னால் போக வேண்டும். எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. பீரோவில் முதுகு ஒட்டிக்கொள்ளும். "இப்படிப் பின்னாலயே போனேன்னா தெருவுக்குப் போயிருவ" என்பாள் அம்மா. ஆனால் அதே 80 பார்வைதான் முகங்களுக்கு அமைந்துவந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை ஒருநாள் எடுத்தேன். மடியில் முறம், விரலில் ஒட்டியிருக்கிற ஒற்றை இலை, பாதி முகத்தில் வெளிச்சம். பின்னால் இருந்த கிரைண்டரும் காஸ் சிலிண்டரும் கரைந்துபோயின. அந்தப் படம்தான் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது.

மண்டபங்களுக்கு இஎஃப்-எஸ் 10-18 வாங்கினேன், செகண்ட் ஹேண்டில் பதினோராயிரம். எதிர்காலமே இல்லாத லென்ஸ் என்று ஒரு வருடத்துக்கு முன்னால் நான் ஒதுக்கியது. ஐஎஸ் உண்டு, 240 கிராம், என் பாடியில் 16 மாதிரி பார்க்கும். கிருஷ்ணாபுரம் மண்டபம் முழுக்க அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே படத்தில் வந்தது. கூந்தன்குளம் பறவைகளுக்காக 55-250ம் ஒன்று பிறகு சேர்ந்தது, அதுவும் இஎஃப்-எஸ், அதுவும் பழையது.

சரி, 17-40 என்ன ஆயிற்று? பீரோவில் இருந்தது. விற்க மனம் வரவில்லை. ஃபுல் ஃப்ரேம் வாங்கும்போது வேண்டுமே. உறையோடு பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை அப்படியே போயிற்று. 2020 ஊரடங்கில் பல மாதம் உறையைப் பிரிக்கவே இல்லை. 2021ல் பணத்தேவை வந்தது, விற்றுவிடலாம் என்று விளம்பரம் கொடுத்தேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தி நாலாயிரத்துக்குப் பேச்சு. திண்ணையில் உட்கார்ந்து லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றினான், செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்னாலிருந்து சாய்த்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான்.

உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி, நரம்பு நரம்பாகக் கிளை விட்டிருந்தது. பூஞ்சை.

பதினாறாயிரம் கொடுத்தான். அவன் கொடுத்ததே பெரிது. மூன்று வருடத்தில் அந்த லென்ஸால் நான் எடுத்த நல்ல படம் ஒரு கையில் எண்ணிவிடலாம், அதற்குப் பதினோராயிரம் ரூபாய் நஷ்டம்.

தாமிரபரணிக் கரையிலும் கடற்கரை ஊர்களிலும் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம், இருட்டு, காற்றோட்டமின்மை, இந்த மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். லென்ஸோடு வரும் உறையும் கேமரா பையும் எடுத்துக்கொண்டு போவதற்குத்தான், வருடக்கணக்காக வைப்பதற்கு இல்லை, அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது என் லென்ஸ்கள் இருப்பது காற்றுப்புகாத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில். உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டரும். ஐம்பதுக்குள் நின்றால் கவலை இல்லை. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், சூடுபடுத்தினால் திரும்ப நீலமாகும். அதற்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீலத்தில் இருக்கும் ரசாயனம் உடம்புக்கு ஆகாது, தோசைக்கல்லில் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

அந்தப் பையன் அன்றைக்குச் செய்ததை நானும் பிற்பாடு ஒவ்வொரு பழைய லென்ஸுக்கும் செய்தேன். கேனன் இஎஃப் லென்ஸில் பாடியிலிருந்து கழற்றினாலும் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துவாரம், திறந்தே இருக்கும், டார்ச் அடித்தால் உள்ளே எல்லாம் தெரியும். ஒன்றிரண்டு தூசு எல்லா லென்ஸிலும் இருக்கும், அதற்காகப் பேரம் பேசலாம், பயப்பட வேண்டாம். வலை மாதிரிக் கிளை, பால் படிந்தது மாதிரி மங்கல், இந்த இரண்டில் எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். திருகாணிகளின் தலையில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். கட்டாயம் உங்கள் கேமராவைக் கொண்டுபோங்கள். எஸ்டிஎம் லென்ஸில் கரண்ட் வராமல் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினால் ஒன்றும் நகராது, வெறும் லென்ஸை வைத்துச் சோதிக்க முடியாது. ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, எப்போதோ கீழே விழுந்திருக்கும்.

2022ல் ஒருவழியாக அந்த எதிர்காலம் வந்தது. 2018ல் நான் கனவு கண்டது 6டி என்ற ஃபுல் ஃப்ரேம் எஸ்எல்ஆர். நான் 17-40 வாங்கிய அதே வருடம் கேனன் ஆர்எஃப் என்ற புது மவுண்டைக் கொண்டுவந்து எஸ்எல்ஆருக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டது. கையில் பணம் சேர்ந்தபோது நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஈஓஎஸ் ஆர்பி என்ற ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், கூடவே பழைய இஎஃப் லென்ஸ்களை மாட்டுவதற்கான அடாப்டர். இந்த அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையமும் மின் தொடர்பும்தான், அதனால் படத்தின் தரம் குறையாது.

இதில் ஒரு வேடிக்கை. எஸ்எல்ஆரில் ஏறாது என்று சொன்ன இஎஃப்-எஸ் லென்ஸ்கள் இந்த அடாப்டர் வழியாக ஏறுகின்றன. பாடி தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 26 மெகாபிக்சல் பத்தாகச் சுருங்கும். அவசரத்துக்கு ஆகும். நான் வைத்துக்கொள்ளவில்லை. 10-18, 55-250, 1300டி எல்லாவற்றையும் ஒரு கல்லூரி மாணவனுக்கு விற்றேன். 10-18க்கு ஒன்பதரை ஆயிரம் வந்தது. மூன்று வருடம், நூற்றுக்கணக்கான கோயில் படங்கள், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை. எதிர்காலத்துக்கு வாங்கியது பதினோராயிரத்தைத் தின்றது, எதிர்காலம் இல்லாதது இவ்வளவில் முடிந்தது.

17-40ஐ வைத்திருந்தால் இப்போது பயன்பட்டிருக்குமே என்று கேட்கலாம். நானும் யோசித்தேன், திரும்ப ஒன்று வாங்கலாமா என்றுகூடப் பார்த்தேன். விலை நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் அதற்குள் இந்தப் புது மவுண்டுக்கே 16 மி.மீ. எஃப்/2.8 வந்துவிட்டது, 165 கிராம், அடாப்டரே வேண்டாம். அதைத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மறுபடியும் யூனிஃபார்மை மாற்றிவிட்டார்கள்.

என்னோடு கூடவே வந்தது 50 மட்டும்தான். அதுவும் அதே லென்ஸாக வரவில்லை. ஃபுல் ஃப்ரேமில் போட்டதும் 80 மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது 50 மாதிரி பார்க்க ஆரம்பித்தது. எங்கள் அறைக்கு இது வசதி, பீரோவில் முட்ட வேண்டியதில்லை. ஆனால் அம்மாவின் அந்தப் படம் மாதிரி முகத்தை நிறைத்து எடுக்கப் பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகிறது, பின்னணியும் அந்த மாதிரிக் கரையவில்லை. எஃப்/1.8ல் மூலைகள் இருட்டடிப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது, கிராப் சென்சார் அந்த மூலைகளை வெட்டி மறைத்து வைத்திருந்தது. பழைய பார்வை வேண்டுமென்று கடைசியில் 85 எஃப்/1.8 ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 1992ல் வந்த மாடல், இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: லென்ஸ் புது பாடியில் ஏறினாலும் அது செய்கிற வேலை மாறிவிடும். பறவைக்காரர்களுக்கு இது இன்னும் வலிக்கும். கிராப்பில் 400 மாதிரி பார்த்த 250, ஃபுல் ஃப்ரேமில் வெறும் 250தான். கூந்தன்குளத்து நாரைகள் மேம்பட்ட கேமராவில் சின்னதாகிவிட்டன.

இவ்வளவும் பட்ட பிறகு என் கணக்கு இப்போது இப்படி ஓடுகிறது. அகலப் பார்வை லென்ஸை இன்று கையில் இருக்கிற சென்சாருக்கு ஏற்றபடி வாங்க வேண்டும், அதில் எதிர்காலம் பார்த்தால் இரண்டும் கெட்டுவிடும். 50, 85 மாதிரி ப்ரைம்கள் எந்த பாடியிலும் ஏதோ ஒரு வேலைக்கு ஆகும், அவற்றில் ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்துவதைப் பார்த்து எடுக்கலாம், விலையிலும் பெரிய வித்தியாசம் வராது. ஃபுல் ஃப்ரேம் பாடிக்கான பணம் தனியாக எடுத்துவைத்தாகிவிட்டது, ஆறு மாதத்தில் வாங்கப்போகிறோம் என்றால் தாராளமாக அதற்கான லென்ஸை முதலில் வாங்கலாம். "என்றைக்காவது" என்பது தேதி இல்லை. கிராப்பிலேயே நல்ல படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களுக்கு அந்த என்றைக்காவது வரவே இல்லை.

மற்ற கம்பெனிக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. நிக்கான் டி3500, டி5600 மாதிரி பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி 50 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டி வகை லென்ஸ் பிற்பாடு நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் தானாக ஃபோகஸ் ஆகாது. சோனி இ மவுண்டிலும் நிக்கான் இசட் மவுண்டிலும் கிராப்புக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் ஒரே மவுண்ட்தான், அந்தக் கவலை பாதி குறைவு. கேனன் எம்50 வரிசையின் இஎஃப்-எம் லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் மாட்ட வழி இல்லை, செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறதென்று எடுப்பவர்கள் அது தெரிந்தே எடுக்க வேண்டும்.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், பழைய கேனன் 200டி கிராப் கேமரா ஒன்று வைத்திருக்கிறான். பகுதிநேரமாக ஏதோ வேலை பார்த்து ஏழாயிரம் சேர்த்திருக்கிறானாம்.

"மாமா, இன்னும் கொஞ்சம் சேத்து ஃபுல் ஃப்ரேம் லென்ஸா வாங்கிரவா? பின்னால மாறும்போது உதவும்லா?"

"எப்பம்ல மாறப் போற?"

"தெரியல. வேலைக்குப் போனப்புறம்."

"எந்த மவுண்டுக்கு மாறுவ?"

முழித்தான். கேமராவைக் கொடுக்கச் சொல்லி, அவன் எடுத்த படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தோம். நண்பர்கள், டீக்கடை, ஹாஸ்டல் மாடிப்படி, பேருந்துக்குள் தூங்குகிறவர்கள். பெரும்பாலும் 22லிருந்து 28க்குள். மேசை டிராயரில் இருந்த டேப்பை எடுத்து அவன் கிட் லென்ஸை 24ல் ஒட்டி அனுப்பினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தான். ஜூம் வளையத்தில் டேப் இன்னும் இருந்தது, ஓரமெல்லாம் அழுக்கேறிப் பிசுபிசுத்தது. ஒருநாளுக்கு ஒட்டியதை அவன் பிரிக்கவே இல்லை.

"மாமா, இஎஃப்-எஸ் 24 எஃப்/2.8ன்னு அப்பளம் மாதிரி ஒரு லென்ஸ் இருக்கே, பழசு எங்கயாவது கிடைக்குமா?"

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒருவர் ஆறாயிரத்து ஐந்நூறு சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.